பிந்தி வரும் பில்லும் பிழையான பில்லும்

அலுவிகாரையில் ஏ9 வீதியோரம் கடை வைத்திருப்போருக்கு ஓய்வூதிய வாடிக்கையாளர்கள் புதியவர்களல்லர். படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களில் உள்ளனர். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். அங்கு கையிருப்பில் இல்லாத மருந்து, வெளியில் செய்யும் இரத்தப் பரிசோதனை, வாகன ஹயர் என்பன கடனாகின்றன. இந்தக் கணக்குகளில்தான் தகராறும் பிறக்கிறது.

இது நமது ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் படைச் சேவையினால் ஏற்பட்ட நோய்க்குச் சிகிச்சை பெறும் முன்னாள் படைவீரர் கட்டணப் பங்கு செலுத்த வேண்டியதில்லை. ஏனைய நோய்களுக்குச் சிலர் செலுத்த வேண்டும். பில் பிழையென்றால், அது கிடைத்து 30 நாட்களுக்குள் ஆட்சேபித்துத் தாமதக் கட்டணத்தைத் தவிர்க்கலாம். பில் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒரு காலக்கெடு வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

நமது நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்ற பொருளின் விலை, கடை பில், கணக்குப் புத்தகக் கடன் ஆகியவற்றுக்கு, பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 வருடங்கள் உண்டு. கடன்பட்டவர் வாயால் ஒப்புக்கொண்டால் போதாது. எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒரு பகுதியைச் செலுத்தியிருந்தால் காலத்தைப் புதிதாகக் கணக்கிட இடமுண்டு.

ஓர் உதாரணம்: ஓய்வூதியர் ஒருவரின் மருந்துக் கடன் ரூபா 4,800. அவர் ரூபா 1,500 செலுத்தியதைக் கடைப் பையன் கொப்பியில் எழுதவில்லை. 14 மாதங்களின் பின் முழுத் தொகைக்கும் பில் போகிறது. வாடிக்கையாளர் பற்றுச்சீட்டைத் தேடி அலைகிறார். முதலாளியோ, காலத்தை நீட்டித் தந்திருக்கக்கூடிய அந்தக் கொடுப்பனவுக்கே ஆதாரமில்லாமல் நிற்கிறார். நட்டம் இருவருக்கும்தான்.

ஆகவே வியாபாரச் சகோதரர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கடன் கொப்பியில் திகதி, பொருள், தொகை, தவணை நாள் நான்கையும் எழுதி, வாடிக்கையாளரின் கையொப்பத்தையும் பெறுங்கள்.

2. சிறு தொகை தந்தாலும் உடனே பற்றுச்சீட்டு கொடுங்கள். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலும் உள்ளது.

3. மாதம் ஒருமுறை மீதியைக் காட்டுங்கள். ஆறு மாதங்களைத் தாண்டிய கணக்கை நேரில் சென்று பேசித் தீருங்கள்.

4. பில் பிழையென்று ஒருவர் சொன்னால், சரிபார்த்து முடியும்வரை பணம் கேட்காதீர்கள். பிழை நம்முடையதென்றால் அவர் முன்னிலையிலேயே கணக்கைத் திருத்துங்கள்.

5. பெரிய தொகையென்றால் வருடம் முடியுமுன் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

தவணையுள்ள கடனை எழுதி வைத்துக்கொள்வது பற்றி அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் விரிவாகப் பேசுகிறது. நீதிமன்றக் காலக்கெடு கடந்தாலும் வாங்கியவரின் மனச்சாட்சியில் கடன் கடனாகவே இருக்கும். ஆனால் எவ்வளவு கடன் என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது. அதற்குக் கொப்பிதான் சாட்சி.