மீதி 2 எலக்ட்ரான் எங்கே?



பழைய குண்டு பல்புக்குள்ளே சுருள் சுருளாக ஒரு கம்பி இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுதான் டங்ஸ்டன். அணு எண் 74. இது ஓர் இடைநிலை உலோகம். உருக 3422 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். உலோகங்களிலேயே இதுதான் அதிகம். இவ்வளவு உறுதியான உலோகம் டெலூரியத்தோடு சேர்ந்தால், வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக உரியும்! அந்தச் சேர்மத்தின் பெயர் டங்ஸ்டன் டைடெலூரைடு.

டெலூரியம் யாரு? அணு எண் 52. ஆக்சிஜன், கந்தகம் இருக்கிற அதே 16-ஆம் தொகுதி. 1782-இல் தங்கத் தாதுவில் இருந்து கண்டுபிடித்தார்கள். 1798-இல் கிளாப்ராத் என்பவர் பெயர் வைத்தார். பூமி என்பதற்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். இது உடம்புக்குள் கொஞ்சம் போனாலே மூச்சில் பூண்டு வாசம் அடிக்கும்.

ஏன் உரிகிறது?

கிரீம் பிஸ்கட்டை நினைச்சுக்கோங்க. மேலும் கீழும் உள்ள பிஸ்கட் டெலூரியம். நடுவில் கிரீம் டங்ஸ்டன். ஒரு பிஸ்கட்டுக்குள்ளே பிணைப்பு ரொம்ப வலிமை. ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பிஸ்கட்டுகளுக்கு இடையே இருப்பது வாண்டர் வால்ஸ் விசை மட்டும்தான். அது பலவீனம். அதனால் செலோ டேப் ஒட்டி இழுத்தாலே ஏடு கழன்று வந்துவிடும்.

இப்போ கணக்கு

1 டங்ஸ்டன் அணுவுக்கு 2 டெலூரியம் அணு. ஒவ்வொரு டெலூரியத்துக்கும் 2 எலக்ட்ரான் தேவை. மொத்தம் 4. ஆனால் டங்ஸ்டனிடம் இருப்பதோ 6 இணைதிற எலக்ட்ரான். எனக்கு இங்கேதான் சந்தேகம் வந்தது. மீதி 2 சும்மா இருக்குமா?

இருக்காது. அவை பக்கத்து டங்ஸ்டன் அணுக்களை நெருங்க வைக்கின்றன. அதனால் அந்த அணுக்கள் நடு இடத்தை விட்டு நகர்ந்து, வளைந்து வளைந்து போகும் சங்கிலி போல நிற்கின்றன. இதே டங்ஸ்டன் கந்தகத்தோடு சேர்ந்தால் குறைகடத்திதான் கிடைக்கும். டெலூரியத்தோடு சேர்ந்தாலோ உலோகம் மாதிரி மின்சாரம் கடத்தும்.

இந்தப் படிகத்தை 2014-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சோதித்தார்கள். மைனஸ் 272 டிகிரிக்கும் கீழே குளிர வைத்து, 60 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தார்கள். மின்தடை 1 கோடியே 30 லட்சம் சதவீதம் கூடியது! அந்த அளவு வரையிலும் ஏறுவது நிற்கவில்லை. சாதாரண உலோகத்தில் இப்படி நடக்காது.

இணைதிறன் போட்டு வாய்பாடு எழுதியதும் பாடம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. பிணைப்பில் சேராமல் மிச்சம் இருக்கிற எலக்ட்ரான்தான் பல நேரம் அந்தப் பொருளின் குணத்தையே முடிவு செய்கிறது.

யோசிங்க!

கிராபைட்டில் ஒரு கார்பன் 3 கார்பனோடுதான் சேர்ந்திருக்கிறது. அதன் இணைதிறனோ 4. மீதி 1 எலக்ட்ரான் என்ன செய்கிறது? பென்சில் முனை வழியாக மின்சாரம் போவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விடையைத் துண்டுத்தாளில் எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்க.



– 9-ஆம் வகுப்பு மாணவி