படிவம் 1-க்குப் போகிற பிள்ளைக்குப் பின்னால் நீயும் போ, தங்கச்சி!

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் உன் பிள்ளையை எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் அவன் வரவில்லை என்றால் பத்து மணிக்குள் யாராவது விசாரித்துவிடுவார்கள். படிவம் 1-க்குப் போனதும் அந்தக் கவனிப்பு நின்றுவிடுகிறது. லாபு, ரந்தாவ், சிலியாவ், சுவா பெத்தோங், பகாவ் பக்கத்து ஜெராம் பாடாங் என்று நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தாலும் போய்ச் சேருவது பெரிய இடைநிலைப்பள்ளியில்தான். பாடத்துக்கு ஓர் ஆசிரியர், எல்லாம் மலாய், வகுப்பில் நம் பிள்ளைகள் நாலைந்து பேர்.

இன்னொன்றையும் மனத்தில் வை. யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-லும் பி.டி.3 தேர்வை 2022-லும் எடுத்துவிட்டார்கள். எஸ்.பி.எம்.-க்கு முன்னால் இருந்த அந்த இரண்டு பொதுத்தேர்வும் இப்போது இல்லை. வகுப்பு மதிப்பீடும் ஆண்டிறுதித் தேர்வும் பள்ளிக்குள்ளேயே நடக்கின்றன. பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்று நாம்தான் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாய் திறக்காத பிள்ளையையும் ஒதுங்கி நிற்கும் பெற்றோரையும் பெரிய பள்ளி தேடி வராது. அதனால் முதல் மூன்று மாதத்தில் உன் முகம் அங்கே பதிய வேண்டும். எப்படி என்று அக்கா வரிசையாகச் சொல்கிறேன்.

1. பட்டியல் கைக்கு வந்த பிறகு கடைக்குப் போ

2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்கே வந்துவிட்டது. பள்ளித் திறப்பும் பொங்கலும் ஒரே மாதம் என்பதால் செலவு இரண்டு பக்கமும் இழுக்கும். பையனுக்கு வெள்ளைச் சட்டையும் பச்சை நீளக் காற்சட்டையும் வேண்டும். பெண் பிள்ளைக்கு இளநீலப் பினஃபோர் அல்லது வெள்ளை பாஜு கூரோங்கோடு இளநீலக் கைன். காலணியும் காலுறையும் கறுப்பு. இவற்றை முன்கூட்டியே வாங்கலாம். பெயர்ப்பட்டை, கழுத்துப்பட்டை, விளையாட்டு உடை எல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும்; பள்ளி கொடுக்கும் பட்டியலைப் பார்த்த பிறகு வாங்கு. காற்சட்டை கால் மடிப்பில் நாலு விரல் துணி உள்ளே இருக்கிறதா என்று திருப்பிப் பார். இந்த வயதில் பையன்கள் ஒரே வருடத்தில் கிடுகிடுவென்று வளர்ந்துவிடுவார்கள். மடிப்பைப் பிரித்துவிட்டால் அடுத்த வருடமும் ஓடும்.

பாடநூலுக்குப் பணம் எடுத்து வைக்காதே. 2008 முதல் எல்லா மாணவருக்கும் பாடநூல் இரவல் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளித் தொடக்க உதவித்தொகையும் உண்டு. 2023-ல் குடும்ப வருமானம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் 150 ரிங்கிட் என்று அறிவித்தார்கள். இந்த வருடத்துத் தொகை எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்று பள்ளி அலுவலகத்தில் கேள்.

2. பதிவு நாளில் நாலு கேள்வி கேள்

பதிவுக்கு அண்ணனோடோ பக்கத்து வீட்டு வேனோடோ பிள்ளையை அனுப்பிவிடாதே. அம்மாவோ அப்பாவோ ஒருவர் போக வேண்டும். பிறப்புப் பத்திரம், பிள்ளையின் மைகாட், உங்கள் இருவரின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் இரண்டு நகல் கையில் இருக்கட்டும். பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்ததும் கிளம்பிவிடாதே. வகுப்பாசிரியரிடம் இந்த நான்கையும் கேட்டு எழுதிக்கொள்:

- காலை நேரப் பள்ளியா, மதிய நேரப் பள்ளியா? (கீழ்ப்படிவங்களை மதியத்தில் நடத்தும் பள்ளிகள் உண்டு.)
- புறப்பாட நடவடிக்கை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும்?
- வகுப்புக்கு வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழு இருக்கிறதா?
- தமிழ்மொழி வகுப்பு உண்டா?

மலாய் சரளமாக வராது என்று தயங்காதே. "சாயா இபு கெபாடா" என்று தொடங்கிப் பிள்ளையின் பெயரைச் சொல், பிறகு "போலே சாயா தான்யா?" என்று கேள். மரியாதையாகக் கேட்கும் தாய்க்குப் பதில் சொல்லாத ஆசிரியர் அபூர்வம்.

3. புகுமுக வகுப்பு என்றால் அழாதே

மலாய்மொழியில் அடைவுநிலை குறைந்த தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்களுக்காகத்தான் படிவம் 1-க்கு முன் அந்த ஒரு வருட வகுப்பு. மொழியைப் பிடித்துக்கொண்டு படிவம் 1-க்குப் போக அது உதவும். அதைச் சொந்தக்காரர்கள் மத்தியில் அவமானமாகப் பேசினால் பிள்ளையின் மனம் அங்கேயே விட்டுப்போகும். "ஒரு வருஷம் வீணாப் போச்சு" என்ற பேச்சு வீட்டில் கேட்கவே கூடாது. தினமும் மலாய் நாளிதழில் ஒரு செய்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல். உனக்குப் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேள். புகுமுக வகுப்புப் பிள்ளைக்கும் மற்றவர்களைப் போலவே விளையாட்டும் கழகமும் உண்டு. அதில் பின்தங்க விடாதே.

4. தமிழ் வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் போதும்

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். பல பள்ளிகளில் வகுப்பு இல்லாமல் போவதற்குக் காரணம் யாரும் கேட்காததுதான். உன் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேர் என்றால் பக்கத்துத் தோட்டத்துப் பெற்றோரையும் தாமான்காரர்களையும் சேர்த்துக்கொள். புகுமுக வகுப்பு முதல் படிவம் 5 வரை எல்லாப் பிள்ளைகளும் கணக்கில் வருவார்கள்.

பள்ளி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினால் போதும். கீழே பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், கையெழுத்து என்று நாலு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் கொடுத்துவிட்டு உன் நகலில் முத்திரை வாங்கிக்கொள். பதில் வரவில்லை என்றால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம். வகுப்பு கிடைத்த பிறகு, பள்ளி முடிந்த நேரத்திலோ சனிக்கிழமையிலோ வைத்தால்கூட பிள்ளையைத் தவறாமல் அனுப்பு. வருகை குறைந்தால் வகுப்பை நிறுத்துவது எளிதாகிவிடும்.

5. புறப்பாடத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே

ஒவ்வொரு மாணவரும் மூன்றில் சேர வேண்டும்: ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு. பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்குத்தான். நமது பிள்ளைகள் பலருக்குப் படிவம் 5 முடிந்த பிறகுதான் இது தெரிய வருகிறது. வருகை, பொறுப்பு, போட்டியில் எந்த நிலை வரை போனார்கள் என்பதெல்லாம் புள்ளியாகிறது.

- சீருடை இயக்கம்: சாரணர், செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான், போலீஸ் கேடட் என்று பல உண்டு. சேரும் முன் சீருடை என்ன விலை என்று விசாரி. மேல்படிவம் முடித்த அண்ணன், அக்காமாரிடம் பழைய சீருடை கேட்பதில் கூச்சம் வேண்டாம். கிளினிக் தூரத்தில் இருக்கும் தோட்டத்துக்கு முதலுதவி தெரிந்த பிள்ளை பெரிய துணை.
- கழகம்: தமிழ்மொழிக் கழகம் இருந்தால் பெயர் கொடுக்கலாம். ஆனால் பேச்சு, அறிவியல், ரோபோட்டிக் போன்றவற்றில் பிள்ளைக்கு நாட்டம் இருந்தால் அதைத் தடுக்காதே. கூட்டாளிகள் எல்லாரும் இருக்கிறார்கள் என்பதற்காக மூன்றிலும் ஒரே கும்பலாகச் சேர வேண்டாம். ஒன்றிலாவது புது முகங்களோடு பழகட்டும். மலாய் தானாக வரும்.
- விளையாட்டு: பள்ளிக்குப் பிறகு மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படி இருக்கிறது. குறுக்கோட்டமும் இல்ல விளையாட்டுப் போட்டியும்தான் பலருக்கு முதல் படி. தோட்டத்துத் திடலில் வெறுங்காலில் ஓடிய பிள்ளை, பதிவுத் தாளில் பெயர் இருந்தால்தான் பள்ளிக்காக ஓட முடியும்.

பொறுப்புக்கும் போட்டியிடச் சொல். செயலாளர், பொருளாளர் என்று ஏதாவது ஒன்று. "எனக்கு எதுக்கு?" என்று பிள்ளை பின்வாங்கினால், கூட்டத்தில் கை தூக்குவது எப்படி என்று வீட்டிலேயே சொல்லிக் கொடு.

6. பஸ் பிரச்சினையை முதல் வாரமே தீர்த்துக்கொள்

தோட்டத்துப் பிள்ளைகள் புறப்பாடத்துக்கு மட்டம் போடுவது சோம்பலால் இல்லை. பள்ளி பஸ் தன் நேரத்துக்குக் கிளம்பிவிடும். பயிற்சி அதற்குப் பிறகுதான் முடியும். செம்பனைக் காட்டுப் பாதையில் பெண் பிள்ளை தனியாக நடந்து வர முடியாது. ஒரே பள்ளிக்குப் போகும் குடும்பங்கள் உட்கார்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒருவர் கார், அடுத்த வாரம் இன்னொருவர். கார் இல்லாத வீட்டுக்காரர் பெட்ரோலுக்குப் பங்கு கொடுக்கலாம். பஸ்காரரிடம் புறப்பாட நாளுக்கு மட்டும் தாமதமான ஒரு நடைக்குப் பேசிப் பாருங்கள். ஒருவராகக் கேட்பதைவிடப் பத்துக் குடும்பமாகக் கேட்டால் காரியம் நடக்கும். மதிய நேரப் பள்ளியாக இருந்து பயிற்சி காலையில் இருந்தால் சாப்பாடு கட்டிக்கொடு. அன்றைக்குப் பிள்ளை இரண்டு வேளையும் வெளியில்தான்.

7. ஒரு கோப்பு போடு

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறை வைத்த கோப்பு ஒன்று வாங்கு. குறுக்கோட்டத்தில் கலந்துகொண்ட சான்றிதழ், முகாம் சான்றிதழ், கழகப் பொறுப்பு நியமனக் கடிதம் என எது வந்தாலும் அன்றைக்கே உள்ளே போகட்டும். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வை. ஆண்டு முடிவில் புறப்பாடப் புள்ளி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார். ஏதாவது விடுபட்டிருந்தால் பொறுப்பாசிரியரிடம் அப்போதே காட்டு. ஐந்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

8. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்

ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மண்டப வாசலில் மேசை போட்டு வருகைப் பதிவு. கையெழுத்துப் போட்டால் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் ஒரு போத்தல் தண்ணீரும் கிடைக்கும். உள்ளே போனால் நம் அம்மாமார் எல்லாரும் கதவோரக் கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன ஆண்டு மினிட் வாசிக்கப்படும், கணக்கு வாசிக்கப்படும், செயலவைத் தேர்தல் வரும். யாரோ யாரையோ முன்மொழிவார்கள். நம்மவர் பெயர் ஒன்றுகூட இல்லாமல் தேர்தல் முடிந்துவிடும்.

பள்ளியில் பிள்ளை படித்தால் நீயும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்தான். முன்மொழியவும் வழிமொழியவும் வாக்களிக்கவும் உனக்கு உரிமை உண்டு. இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து போய் முன்பக்கம் உட்காருங்கள். யார் பெயரை முன்மொழிவது, யார் வழிமொழிவது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அழைப்புக் கடிதத்தைக் கடைசி வரி வரை படி; தீர்மானத்தை எழுதிக் கொடுக்க வேண்டிய தேதி அதில் இருக்கும். தாமதமான பஸ், தமிழ் வகுப்பு, கூடுதல் மலாய் வகுப்பு எல்லாவற்றையும் அங்கேதான் வைக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு 2012 முதல் பள்ளிக் கட்டணத்தை நீக்கிவிட்டது. சங்கத்துக்குக் கொடுப்பது நன்கொடை. முடிந்தால் கொடு, பள்ளிக்குத்தான் போகிறது. உடனே முடியாது என்றால் தவணை கேள். அந்தத் தொகைக்குப் பயந்து கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடாதே.

9. வேலை நேரம் இடித்தால்

விடியலில் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கும், செனவாங், நீலாய் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் எல்லா நிகழ்ச்சிக்கும் வர முடியாது. அதனால் ஆண்டுக்கு மூன்றைக் கட்டாயமாக்கிக்கொள்: பொதுக்கூட்டம், தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாள், பிள்ளை பங்கெடுக்கும் ஒரு நிகழ்ச்சி. தேதி தெரிந்த அன்றே கிராணியிடமோ சூப்பர்வைசரிடமோ சொல்லி ஷிப்ட் மாற்றிக்கொள். அம்மா ஒன்றுக்கு, அப்பா ஒன்றுக்கு என்று பிரித்துக்கொண்டால் இன்னும் எளிது.

அறிக்கை நாளில் "நல்லாப் படிக்கிறானா?" என்று மட்டும் கேட்டால் "ஓகே" என்றுதான் பதில் வரும். எந்தப் பாடத்தில் அடைவுநிலை குறைவு, வகுப்பில் வாய் திறக்கிறானா, யாரோடு சேருகிறான், எத்தனை நாள் வரவில்லை என்று கேள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேள். திட்டுவதை மட்டும் அங்கே செய்யாதே. பள்ளியில் கோத்தோங் ரோயோங் என்றால் அப்பா கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வரட்டும். மலாய் பேசத் தயங்குகிற தகப்பன்கூட அன்றைக்கு ஆசிரியர்களோடு சகஜமாகிவிடுவார்.

தங்கச்சி, உன் பிள்ளைக்குத் திறமை குறைவில்லை. அதைப் பள்ளிக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீதான். அடுத்த பொதுக்கூட்டக் கடிதம் வந்ததும், கீழே வெட்டிக் கொடுக்கும் துண்டில் "வருகிறேன்" என்பதற்கு அடையாளம் போட்டு மறுநாளே அனுப்பிவிடு. பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போ.