பழைய சிரிப்புப் படம் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

சித்தூர், திருப்பதிப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழும் தெலுங்கும் காதில் ஊறியவை. அந்தக் காதை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

1. 'சபாபதி'யில் தொடங்குங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் படமாக்கினார். பணக்கார வீட்டுப் பிள்ளை டி.ஆர். ராமச்சந்திரன். அதே பெயர்கொண்ட வேலைக்காரன் காளி என். ரத்னம். சோடா உடைத்துவரச் சொன்னால் பாட்டிலையே உடைத்துவிடுவார். அப்போது ரத்னத்தின் முகத்தைக் கவனியுங்கள். சிரிக்க வைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், சொன்ன வேலையைச் செய்த நிம்மதியோடு நிற்பார்.

2. இந்தப் பழைய படங்களில் முதல் அரைமணி நேரம் அலுப்புத் தட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே நின்று உரக்கப் பேசுகிறார்களே என்று கேலி செய்ய வேண்டாம். பேச்சும், பல படங்களில் பாட்டும், படப்பிடிப்பிலேயே பதிவான காலம் அது. மைக்கை விட்டு நகர்ந்தால் குரல் போய்விடும். தமிழில் பின்னணிப் பாட்டு வந்ததே 1938-ல், 'நந்தகுமார்' படத்தில். போதாததற்கு, பலரும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிய தொண்டை அது. ஓடியாட வழியில்லாத இடத்தில் கண்ணாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலுமே சிரிப்பை வரவழைத்தார்கள். இந்தப் படங்களை நான் விடாமல் பார்ப்பதற்கு இந்தத் திறமைதான் காரணம்.

3. தெலுங்கை ஒதுக்காதீர்கள். மொக்கபாட்டி நரசிம்ம சாஸ்திரியின் 'பாரிஸ்டர் பார்வதீசம்' 1940-ல் படமானது, நடித்தவர் லங்கா சத்யம். முதலில் நாவலைப் படியுங்கள். இரு மொழியும் கலப்பது புதிதல்ல: 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்திலேயே கதாநாயகி தமிழும் கதாநாயகன் தெலுங்கும் பேசினார்கள். நம் ஊர்ச் சந்தையில் தினமும் நடப்பதுதானே!

4. பெரிய படங்களுக்குள்ளும் சிரிப்பைத் தேடுங்கள். நம் சித்தூர் ராம விலாச சபை மேடையில் நடித்த நாகையாவுக்காக 'அசோக்குமார்' பார்ப்பீர்கள். என்.எஸ். கிருஷ்ணன், மதுரம் வரும் இடங்களுக்காக இன்னொரு முறை பாருங்கள்.

5. அந்தக் காலப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. 'காளிதாஸே' இல்லை. அப்போது பயன்படுத்திய நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே மக்கியும் போகும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது 1964-ல்தான். சிறுசிறு சிரிப்புப் படங்களைக் கோத்து 1939-ல் வெளியிட்ட 'சிரிக்காதே' போன்றவற்றை அறிய விளம்பரங்களும் பாட்டுப் புத்தகங்களுமே துணை. உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் அப்படிப் பாட்டுப் புத்தகம் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் காட்டுங்கள்.