கஞ்சா: ஒளிக்க வேண்டாம், உதவி தேடுவோம்

வலியசாலை திருவனந்தபுரம் நகரில் உள்ளது. அங்கே பழைய மகாதேவர் கோயில் இருக்கிறது. அக்கிரகாரத் தெருக்கள் இருக்கின்றன. பக்கத்தில் சாலைக் கடைத்தெரு. மூட்டை சுமப்பவர், பூக் கட்டுபவர், கடையில் நிற்பவர் எனப் பலரும் இந்தப் பக்கம் உழைத்து வாழ்கிறார்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே உள்ளன.

இங்கே பூக் கட்டி வாழும் ஒரு தாயை நினைத்துக் கொள்வோம். அவருடைய மகனுக்கு 19 வயது. ஒரு நாள் மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தார். சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது. உள்ளே காய்ந்த பூவும் இலையும். அது கஞ்சா என்று தாய்க்குப் புரிந்தது.

மகனை அடிப்பதா? யாருக்கும் தெரியாமல் மறைப்பதா? அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஷா பணியாளராக இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனார். இருவரும் பேசினார்கள்.

கஞ்சா என்றால் என்ன?

"அக்கா, இதைச் சிவமூலிகை என்கிறார்களே! சாமியார்கள்கூடப் புகைக்கிறார்களே! பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?"

"அரளியும் பச்சிலைதான், தங்கச்சி. அதைத் தின்ன முடியுமா? பெயரைப் பார்க்காதே. அது உடம்புக்கு என்ன செய்கிறது என்று பார்."

அக்கா விளக்கிச் சொன்னார்.

கஞ்சா ஒரு செடி. பெண் செடியின் பூவில் பிசின் உண்டு. காய்ந்த பூக்கதிர்தான் கஞ்சா. பிசினைத் திரட்டினால் அது சரஸ். இலையை அரைத்தால் அது பாங்கு. மூன்றும் ஒரே செடியில் கிடைப்பவை.

போதை தரும் பொருளுக்கு டி.எச்.சி. என்று பெயர். 1964-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பூவிலும் பிசினிலும் இது அதிகம்.

உடலில் என்ன நடக்கிறது?

புகையை இழுத்த சில நிமிடங்களில் போதை ஏறும். தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்து ஏறும். "இன்னும் ஏறவில்லையே" என்று மேலும் தின்பவர்கள் மிகவும் அவதிப்படுவார்கள்.

கண் சிவக்கும். வாய் உலரும். நெஞ்சு படபடக்கும். பசி எடுக்கும். நேரம் போவது சரியாகத் தெரியாது. சிலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்குப் பெரும் பயம் வரும். கை கால் வேகம் குறையும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டினால் விபத்து நேரலாம். மூட்டையுடன் ஏணியில் ஏறினாலும் ஆபத்துதான்.

"ஒரு தடவை இழுத்தால் செத்துப் போவானா, அக்கா?"

"இல்லை. பொய் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தக் கூடாது. அது பொய் என்று தெரிந்தால், நாம் அடுத்துச் சொல்லும் உண்மையையும் அவன் நம்ப மாட்டான். உள்ளதைச் சொன்னாலே போதும்."

அந்த உண்மை இதுதான். மனித மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது. இளம் வயதில் அடிக்கடி கஞ்சா புகைத்தால் நினைவாற்றலும் கவனமும் குறையும். சிலருக்கு மனநோய் வரும். இல்லாத குரல் காதில் கேட்கும். காரணமில்லாத சந்தேகம் வரும். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் இந்த ஆபத்து அதிகம்.

புகைப்பவர் எல்லாரும் அடிமையாவதில்லை. ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் அடிமையாகிறார். 18 வயதுக்கு முன்பே தொடங்கியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் அடிமையாகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

"கனடா நாட்டில் கடையிலேயே விற்கிறார்களாமே? மகன் அப்படித்தான் சொல்கிறான்."

"உண்மைதான். 2018-ஆம் ஆண்டு முதல் அங்கே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அங்கேயும் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது. நாம் வாழ்வது இங்கே. இங்குள்ள சட்டம் வேறு."

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கஞ்சா புகைத்தால் 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஒரு கிலோ வரை வைத்திருந்தால் ஓர் ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 20 கிலோவுக்கு மேல் இருந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை. அது 20 ஆண்டு வரை போகலாம்.

"இந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடு, பணம் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் இளைஞர்கள் மறுத்துவிட வேண்டும். பை யாருடையதாக இருந்தாலும், பிடிபடுவது அதைச் சுமப்பவர்தான்.

இதே சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவும் இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் தானே முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மருத்துவமனையிலோ சிகிச்சை பெறலாம். அப்படி வருபவரை, புகைத்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ தண்டிக்கக் கூடாது. ஆனால் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

தாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் ஆசுபத்திரிக்குப் போனால் போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று பயப்பட வேண்டாமா?"

"வேண்டாம். மறைத்து வைத்தால்தான் நோய் முற்றும்."

உதவி எங்கே கிடைக்கும்?

2019-ஆம் ஆண்டில் இந்திய அரசின் கணக்கெடுப்பு ஒன்று வெளிவந்தது. நாட்டில் சுமார் 72 லட்சம் பேருக்குக் கஞ்சாப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவை என்று அது சொன்னது. ஆகவே இது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த அவமானம் இல்லை.

கேரள அரசு 2016-ஆம் ஆண்டில் 'விமுக்தி' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. போதையிலிருந்து மீள அது உதவுகிறது. அதன் தொலைபேசி எண் 14405. இந்தியா முழுவதற்கும் உள்ள எண் 14446. அழைப்புக்குக் கட்டணம் இல்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலும், ஊளம்பாறை மனநல மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

கஞ்சாவை விட்ட முதல் வாரத்தில் எரிச்சல் வரும். தூக்கம் வராது. சோறு இறங்காது. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் இவை குறையும். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் தொடர்ந்து பேசுவதுதான் முக்கிய சிகிச்சை. வீட்டாரின் பொறுமையும் வேண்டும்.

"அவனிடம் எப்படிப் பேசுவது, அக்கா?"

"அவன் போதையில் இருக்கும்போது பேசாதே. தெளிவாக இருக்கும்போது தனியாகக் கூப்பிடு. அடிக்காதே. நாலு பேர் முன்னால் திட்டாதே. 'மக்கா, உன்னை எனக்கு வேண்டும். வா, சேர்ந்து போகலாம்' என்று சொல். அவன் வர மறுத்தால் முதலில் நீ மட்டும் போய் ஆலோசனை கேள்."

நினைவில் கொள்வோம்

1. 'மூலிகை' என்று சொன்னாலும் கஞ்சா போதைப் பொருளே.
2. இளம் வயதில் அதன் கேடு அதிகம்.
3. பிறர் தரும் பையைச் சுமக்கக் கூடாது.
4. தானே சிகிச்சைக்கு வருபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

சிந்திப்போம்

1. பிள்ளையைப் பொய் சொல்லிப் பயமுறுத்தினால் என்ன ஆகும்?
2. 64-ஏ பிரிவு யாருக்கு உதவுகிறது?
3. உதவிக்கு அழைக்கும் இரண்டு எண்களையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.