சிப்பந்தியின் சம்பளக் கணக்கும் வேலை காப்புறுதியும்



நம் கடைச் சிப்பந்திகளுக்கு மாதாமாதம் சொக்சோ கட்டும்போது அதோடு சேர்த்து இன்னொரு சிறு தொகையும் கட்டி வருகிறோம். அதுதான் வேலை காப்புறுதிச் சந்தா. தொகை சிறியது என்பதால் அனேகர் அதைக் கட்டிவிட்டு மறந்து விடுகிறார்கள். சிலர் கட்டுவதே இல்லை. ஆனால் கடையை மூடவோ ஆளைக் குறைக்கவோ நேர்ந்தால், நம் கணக்கில் என்ன எழுதியிருக்கிறோமோ அதைப் பொறுத்தே அந்தச் சிப்பந்தியின் வீட்டில் அடுப்பெரியும். ஆகவே இதன் விதிகளைச் சற்று விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

மலேசியாவில் 2017ஆம் வருடத்து 800ஆம் எண் சட்டத்தின்படி இத்திட்டம் 1-1-2018 முதல் அமலுக்கு வந்தது. சொக்சோ நிறுவனமே இதை நடத்துகிறது. சம்பளத்தில் முதலாளி நூற்றுக்கு 0.2, தொழிலாளி நூற்றுக்கு 0.2 கொடுக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் 6,000 வெள்ளி வரையுள்ள சம்பளத்துக்கே இக்கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 6,000க்கு உரிய சந்தாதான். ஒரே ஒரு ஆளை வைத்து நடத்தும் சிறு கடைக்கும் இது உண்டு. ஆள் சேர்ந்த 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தந்த மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15ந் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும். முதலாளியின் பங்கையும் சேர்த்து ஆளின் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது சட்ட விரோதம்.

இனி வேலை இழந்தவருக்குப் பணம் கிடைப்பதற்குரிய ஷரத்துகளுக்கு வருவோம். முதலாவது, மாதக் கணக்கு. முதன்முறை மனுச் செய்பவருக்கு, வேலை போவதற்கு முந்திய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதச் சந்தா இருக்க வேண்டும். அது தொடர்ச்சியாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. ஒருவர் ஜவுளிக்கடை ஒன்றில் 7 மாதம் வேலை பார்த்தார். பிறகு 5 மாதம் சும்மா இருந்தார். அதன் பின் ஓர் உணவுக்கடையில் 6 மாதம் இருந்து வேலை இழந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7ம் 6ம் 13. அவருக்குத் தகுதி உண்டு. உணவுக்கடை முதலாளி "வியாபாரம் மந்தம், அப்புறம் பார்ப்போம்" என்று இரண்டு மாதச் சந்தாவை விட்டிருந்தால் 11 ஆகிவிடும். உழைத்தது 13 மாதமானாலும் ஏட்டில் இருப்பது 11. அந்த மனிதர் சொக்சோ அலுவலகத்துக்கும் பழைய முதலாளியின் கடைக்குமாக அலைய வேண்டி வரும்.

இரண்டாவது, சம்பளக் கணக்கு. நம்மவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். வேலை தேடும் அலவன்ஸ் என்ற பெயரில் முதல் மாதம் சம்பளத்தில் நூற்றுக்கு 80, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 வீதம் கொடுக்கிறார்கள். எந்தச் சம்பளத்தில்? சந்தா கட்டப்பட்ட சம்பளத்தில். சம்பளங்களை நூறு நூறு வெள்ளிப் படிகளாக வகுத்து, அந்தந்தப் படியின் நடுத்தொகையையே சம்பளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சிப்பந்தி 2,400 வெள்ளி வாங்குகிறார். ஆனால் கடைக் கணக்கில் 1,700 என்று எழுதி, மீதி 700ஐக் கையில் கொடுக்கிறார்கள். (இப்படி எழுதுவதெல்லாம் பெரும்பாலும் சேமநிதிக்குக் கட்டும் பணத்தைக் குறைப்பதற்குத்தான், யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல.) 2,400க்கு இரு தரப்பும் சேர்த்து வேலை காப்புறுதிச் சந்தா 9 வெள்ளி 40 காசு, 1,700க்கு 6 வெள்ளி 60 காசு. மாதம் மிச்சம் 2 வெள்ளி 80 காசு. வேலை போனபின் முதல் மாதத்தில் 1,880 வெள்ளி கிடைக்க வேண்டியவருக்கு 1,320தான் கிடைக்கும். ஆறு மாதமும் பெறுபவரானால் 6,345க்குப் பதில் 4,455. அவருக்கு நஷ்டம் 1,890 வெள்ளி. மிகைநேரச் சம்பளமும் கமிஷனும் சந்தாவுக்குரிய சம்பளமே என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். வருடாந்திர போனஸ் அதில் சேராது.

மூன்றாவது, வேலை போன காரணம். ஆட்குறைப்பு, கடை மூடல், முதலாளி திவாலாதல் ஆகியவற்றுக்கு உண்டு. தானாக ராஜினாமாச் செய்தவருக்கு இல்லை. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், வயதாகி ஓய்வு பெற்றவருக்கும், குறித்த கால ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்கும் இல்லை. வேலையிடத்தில் மிரட்டலோ பாலியல் தொந்தரவோ தாங்காமல் விலகியவருக்கு விதிவிலக்கு உண்டு. கடையை மூடும்போது "என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதி வாங்கும் முதலாளிமார் இருக்கிறார்கள். வம்பு வராமலிருக்க என்று அவர்கள் நினைக்கலாம். அந்த ஒரு கையெழுத்தால் சிப்பந்தியின் உரிமை போய்விடுகிறது. நான் சொல்வேன், உள்ள காரணத்தை உள்ளபடி, தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். அதையும் உடனே கொடுங்கள். வேலை போன 60 நாட்களுக்குள் அவர் மனுச் செய்தாக வேண்டும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஜவுளிக்கடைகள் மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது அரசாங்கம் கொடுத்த சம்பள மானியம் முதலாளிகளுக்குத்தான் வந்தது. ஆனால் அதுவும் சொக்சோவில் பதிந்து வேலை காப்புறுதிச் சந்தா கட்டிய ஆட்களின் பேரில்தான் வந்தது.

18 வயது முதல் 60 வயது வரையுள்ள பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் இத்திட்டம். ஊரிலிருந்து பர்மிட்டில் வந்திருக்கும் சிப்பந்திகளுக்கு இதில் இடமில்லை. அவர்களுக்கு 2019 முதல் சொக்சோவின் விபத்துக் காப்பு உண்டு. கடை முதலாளியான நமக்கும் இல்லை.

சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இதற்குச் சந்தா கிடையாது. 2025 ஏப்ரலில் பிரஜைகளுக்காக அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில், தன் விருப்பமின்றி வேலை இழந்தவர் முந்திய 12 மாதங்களில் குறைந்தது 6 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும்; சராசரி மாத வருமானம் 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்படக் கூடாது. ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். வேலை தேடுவதற்கு அத்தாட்சியும் காட்ட வேண்டும். அங்கும் சம்பளத்தை ஒழுங்காக எழுதி வைத்திருப்பதே ஆதாரம்.

மலேசிய வியாபாரிகள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. பகலில் ஒரு கடையிலும் மாலையில் வேறொரு கடையிலும் வேலை பார்க்கும் ஆளுக்கு யார் கட்டுவது? இருவரும் கட்ட வேண்டும், அவரவர் கொடுக்கும் சம்பளத்துக்கு. இரண்டில் ஒரு வேலை போனாலும், குறைந்த வருமானத்துக்கான அலவன்ஸ் என்று அவருக்குத் தனியே ஒன்று உண்டு. மாலை வேலைதானே என்று ஒருவர் கட்டாமல் விட்டால் அந்த வேலை போகும்போது அது கிடைக்காது.