மரம் தூக்கும் கிரேனுக்கு எந்தப் பம்ப்?

சென்ற கோடையில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதிக்கையில், டிராக்டர் பழுதுபார்ப்பு என்னும் தலைப்பில் வழக்கத்திற்கு மீறிய தொகை ஒன்று எழுதப்பட்டிருக்கக் கண்டேன். விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. மரத்தடிகளைத் தூக்கி டிரெய்லரில் ஏற்றுவதற்காக டிராக்டரின் பின்புறம் ஒரு சிறு கிரேனைப் பொருத்தியிருந்தனர். கிரேன் நல்லதுதான், விலையும் நியாயமானதே. ஆனால் அதை இயக்கும் எண்ணெயை டிராக்டரின் வயிற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளுமாறு குழாய் இணைத்துவிட்டனர். ஒரு பருவம் முடிவதற்குள் டிராக்டரின் பம்ப் தேய்ந்தது. உழவு நாளில் வண்டி பட்டறையில் நின்றது. வாடகைக்கு முன்பணம் கட்டிய அங்கத்தினர்கள் வெளியாரிடம் போய் நின்றனர்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பல, டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடுகின்றன. ஆனையூர் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்துவிட்டதாயினும், வடக்கே அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் சென்றால் தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை. சீமைக்கருவேலத்தை அகற்றும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் ஆணையிட்டதிலிருந்து அந்த மரத்தை வெட்டும் வேலையும் பெருகிற்று. வெட்டுவது எளிது, தூக்குவதே கடினம். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது இதை எல்லோரும் உணர்ந்தனர். ஆகவே கிரேன் வேண்டும் என்னும் தீர்மானம் இன்னும் பல சங்கங்களில் வரும். நெசவாளர் அங்கத்தினர்கள், இது தங்களுக்குரியதன்று என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பொதுச் சங்கமாயின் பங்குத் தொகையில் அவர்கள் பணமும் உண்டு.

முதலில் ஒரு தெளிவு. எவ்வளவு பளு தூக்கலாம் என்பதை எண்ணெயின் அழுத்தம் தீர்மானிக்கிறது. எவ்வளவு விரைவாகத் தூக்கலாம் என்பதை எண்ணெயின் அளவு தீர்மானிக்கிறது. விற்பனையாளர் சிலர் இரண்டையும் குழப்பி, “பெரிய பம்ப் போட்டால் பெரிய மரம் தூக்கும்” என்பர். அது சரியன்று.

100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 175 கிலோ அழுத்தம் கொடுத்தால் அது சுமார் 13,700 கிலோ விசையுடன் தள்ளும். கேட்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் சிலிண்டர் கீலுக்கு 30 சென்டிமீட்டர் தூரத்தில் தள்ள, மரமோ 3 மீட்டர் தூரத்தில் தொங்குகிறது. துலாக்கோல் நியாயப்படி விசை பத்தில் ஒன்றாகி, 1,370 கிலோவாகக் குறைகிறது. கிரேன் கையின் எடை, கவ்வியின் எடை, சாய்வினால் வரும் நஷ்டம் ஆகியவற்றையும் கழிக்க வேண்டும். 4 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள பச்சைத் தென்னந்தடியைத் தண்ணீரின் எடையாகவே கணக்கிட்டால் சுமார் 280 கிலோ வரும். நம் தேவைக்கு இந்த அழுத்தம் போதும்.

இனி வேகம். அதே சிலிண்டர் 60 சென்டிமீட்டர் நீள்வதற்கு 4.7 லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிஷத்திற்கு 20 லிட்டர் தரும் பம்பில் அதற்கு 14 விநாடி ஆகும். 40 லிட்டர் தரும் பம்பில் 7 விநாடி. ஒரு தடியை எடுத்து வைக்க நாலைந்து அசைவுகள் உண்டு. நாள் முழுவதும் ஏற்றுவோர்க்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் 40-க்கு மேல் போவதில் எனக்குச் சம்மதமில்லை. குறுகிய குழாயில் மிகுந்த எண்ணெயைத் திணித்தால் வேகமாகாது, சூடாகும்.

சக்திக்கு ஒரு சுலபக் கணக்கு: லிட்டரை அழுத்தத்தால் பெருக்கி 450-ஆல் வகுத்தால் குதிரைசக்தி கிடைக்கும். 40-ஐ 175-ஆல் பெருக்க 7,000, வகுத்தால் 15.6. தேய்மானத்திற்குக் கொஞ்சம் கூட்டினால் 18 அல்லது 19. ஆகவே 35 குதிரைசக்தி டிராக்டரே போதுமானது. கிரேனுக்காகப் பெரிய டிராக்டர் வாங்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுக. ஆனால் பக்கவாட்டில் கவிழாதிருக்க டிராக்டரின் எடையும் ஊன்றுகால்களும் வேண்டும்; அது வேறு கணக்கு.

எண்ணெயை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் அந்தச் சங்கம் தவறிற்று. வண்டியின் சொந்த ஹைட்ராலிக்கிலிருந்து எடுப்பது செலவு குறைந்த வழி. எப்போதோ சில மணி நேரம் தூக்குவோர்க்கு அது போதும். ஆனால் பல டிராக்டர்களில் பற்சக்கரங்களை நனைப்பதும் கலப்பையைத் தூக்குவதும் ஒரே எண்ணெய். கிரேன் கையை முழுதும் நீட்டினால் பல லிட்டர் சிலிண்டர்களுக்குள் போய்விடும். உள்ளே மட்டம் இறங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். குழாயைக் கழற்றி மாட்டும்போது ஒட்டும் மண்ணும் சீமைக்கருவேலத் தூளும் நேரே பற்சக்கரப் பெட்டிக்குள் சேரும். போதாக்குறைக்கு, ஓட்டுநர் லீவரைக் கயிற்றால் கட்டி வைப்பது உண்டு. கிரேன் வால்வு நடுநிலையில் எண்ணெயைத் தடையின்றித் திருப்பி விடும் வகையாக இல்லாவிட்டால், எண்ணெய் ஓயாமல் ரிலீஃப் வால்வின் வழியே பாய்ந்து கொதிக்கும்.

பி.டி.ஓ. தண்டில் தனிப் பம்ப் பொருத்தித் தனித் தொட்டி வைப்பது இரண்டாவது வழி. விலை கூடுதல். ஆயினும் சங்கங்களுக்கு இதையே நான் சிபாரிசு செய்வேன். தனியார் வண்டியை ஒரே ஆள் ஓட்டுவான். சங்க வண்டியைப் பலர் ஓட்டுவர். கிரேனில் என்ன கோளாறு நேர்ந்தாலும் அது கிரேனோடு நிற்க வேண்டும், உழவைத் தொடக்கூடாது. பி.டி.ஓ. நிமிஷத்திற்கு 540 சுற்றுச் சுழலும். சாதாரண கியர் பம்பிற்கு அந்த வேகம் குறைவாதலால், மூன்று மடங்காக்கும் பற்சக்கரப் பெட்டி இணைப்பர். அப்போது 1,620 சுற்று. சுற்றுக்கு 25 கன சென்டிமீட்டர் தரும் பம்ப் 40 லிட்டர் தரும். பெட்டியில்லாமல் 75 கன சென்டிமீட்டர் பம்பை நேரே மாட்டுவதும் உண்டு. மதுரை வெயிலில் எண்ணெய் நீர்த்துப்போகும்போது, மெதுவாகச் சுழலும் பம்பில் கசிவு நஷ்டம் அதிகம். ஆகவே பெட்டியுள்ளதே மேல். ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பம்பும் நிற்கும் என்பதை ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும்.

எஞ்சினின் முன்புறத்திலிருந்து பம்பைச் சுழற்றுவது மூன்றாவது வழி. முன்பக்கத்தை வெட்டிப் பொருத்த வேண்டியிருப்பதால் உத்தரவாதக் காலத்தில் இதை நினைக்கவே வேண்டாம். பிஸ்டன் பம்புகள் சிறந்தவைதாம். ஆனால் விலையும் அதிகம், தூசியையும் தாங்கா.

ஸ்வீடனில் எரிக் சுண்டின் என்னும் பனிச்சறுக்குக் கட்டை செய்பவர் 1944-இல் ஹியாப் நிறுவனத்தைத் தொடங்கி, லாரி எஞ்சினின் சக்தியாலேயே சுமை தூக்க வழி கண்டார். குளிர்ந்த தேசத்து வழக்கத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தொட்டி, பம்ப் ஒரு நிமிஷத்தில் தரும் எண்ணெயைப் போல் இரு மடங்காவது கொள்ள வேண்டும். 40 லிட்டர் பம்பிற்கு 80 லிட்டர். எண்ணெய் 68 என்னும் தரமாக இருப்பது நம் கோடைக்கு ஏற்றது. திரும்பும் குழாயில் ஃபில்டர் அவசியம். குழாய் வெடித்தாலும் மரம் விழாதிருக்கப் பளு தூக்கும் சிலிண்டரில் பூட்டு வால்வு இருக்க வேண்டும். இல்லாத கிரேனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. பி.டி.ஓ. தண்டிற்கு மூடியும் கேட்டுப் பெறுக. வேட்டி நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

விலைப்புள்ளி கேட்கும்போது, பம்பின் கன சென்டிமீட்டர், சுழல் வேகம், ரிலீஃப் வால்வு வைத்திருக்கும் அழுத்தம், தொட்டியின் கொள்ளளவு ஆகிய நான்கையும் எழுத்து மூலம் தரும்படி நிர்வாகக் குழு கோர வேண்டும். பின்பு நடுப்பகலில், சங்கத்தின் டிராக்டரிலேயே மாட்டி, ஒரு மணி நேரம் இடைவிடாமல் தடி ஏற்றச் செய்து, தொட்டியின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடாயின், காசோலையில் கையெழுத்திட வேண்டாம்.