நீர் தேடுமுன் மண்ணைச் சோதிப்போம்

டோம்பிவிலியில் வாழும் நம் வாடிக்கையாளர் பலருக்குத் தமிழ்நாட்டில் சிறிதளவேனும் நிலம் உண்டு. உடன்பிறந்தவரோ உறவினரோ அதில் பயிரிடுகின்றனர். "தண்ணீர் போதவில்லை, புதிதாக ஆழ்துளைக் கிணறு போட வேண்டும்" என்று ஊரிலிருந்து செய்தி வந்ததும், கடன் பற்றி விசாரிக்க வங்கிக்கு வருகின்றனர். அவர்களிடம் நாங்கள் முதலில் கேட்க விரும்புவது இதுவே: இப்போதுள்ள நீர் அளவறிந்து பாய்ச்சப்படுகிறதா?

மண் துகள்களுக்கு இடையே துளைகள் உள்ளன. பெரிய துளைகளில் நிற்கும் நீர் புவியீர்ப்பினால் கீழே வடிந்துவிடும். நுண்துளைகளில் உள்ள நீரை மண் பற்றிக்கொள்ளும். வேர்கள் பெரும்பாலும் அதையே உறிஞ்சுகின்றன. மண் உலர உலர அப்பற்று இறுகி, வேரின் உழைப்பு கூடுகிறது. மாறாக, தேவைக்கு மேல் பாய்ச்சினால் துளைகளிலுள்ள காற்று வெளியேறி வேர் திணறும். யூரியாவின் தழைச்சத்தும் நீரோடு இறங்கி வேருக்கு எட்டாமற்போகும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆகவே இவ்விழப்பு எந்த ரசீதிலும் தெரிவதில்லை.

1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம், மண்ணின் ஈரத்தைக் காட்டும் எளிய கையடக்கக் கருவி ஒன்றை உருவாக்கியுள்ளது. அதன் இரு கம்பிகளையும் மண்ணில் செருக வேண்டும். ஈரமண்ணில் மின்சாரம் எளிதில் செல்லும். உலர்ந்த மண் அதைத் தடுக்கும். இவ்வேறுபாட்டைக் கருவி வண்ண விளக்குகளால் காட்டுகிறது. நீலம் எரிந்தால் ஈரம் மிகுதி. பச்சை எரிந்தால் போதுமான ஈரம் உண்டு. ஆரஞ்சு எரிந்தால் நீர் பாய்ச்சலாம். சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்ச வேண்டும்.

கருவி இல்லாதவர்கள், மணற்பாங்கற்ற நிலமாயின், வேர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்க்கலாம். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் நீர் தேவை. உப்பு மிகுந்த மண்ணில் மின்சாரம் கூடுதலாகச் செல்லுமாதலால், அங்கே கருவியோடு கைச்சோதனையும் செய்வது நன்று.

அடுத்த படி, ஈரத்தைக் காப்பது. கரும்புச் சோகையைப் பார்களுக்கிடையே பரப்பினால் வெயிலும் காற்றும் மண்ணை நேரடியாகத் தாக்கா, ஆவியாதல் குறையும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் ஏனையோருக்கு 75 விழுக்காடும், அரசு வகுத்த செலவு வரம்புக்குள் மானியம் உண்டு.

இவற்றைச் செய்த பின்னும் நீர் போதவில்லையெனில், கடன் விண்ணப்பத்துடன் தயங்காமல் வாருங்கள். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்: புதிய கிணற்றில் நீர் கிடைக்காவிட்டாலும் தவணை வந்துகொண்டேயிருக்கும்.